பன்னிரண்டாம் நம்பர் சப்பாத்து

இருபத்தோராயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.

துறைமுக ஜெட்டியில் கூலிக்கு ஆள் எடுக்கும் கொந்தராத்துக்காரன் கனகரத்தினம், அங்கே மூட்டை தூக்கும் இராசையாவுக்குக் கொடுக்க வேண்டியிருந்த காசு அவ்வளவு. நாட்கூலியில் தினமும் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, "கையில தந்தால் குடிச்சு முடிப்பியள், பொங்கலுக்கு மொத்தமாத் தாறன்" என்பது கனகரத்தினத்தின் பழக்கம். இராசையா பிறந்ததிலிருந்து கள்ளைத் தொட்டவன் இல்லை. இரண்டு பொங்கல் வந்து போனது. மூன்றாவதுக்குப் பொறுக்காமல் போய்க் கேட்டான். கேட்ட மறுநாள் காலை, அவன் இராசையாவே இல்லை என்று ஆகிவிட்டது.

"இல்லையெண்டால்? ஆவியாப் போயிட்டாரா?" என்று கேட்டான் றஊப்.

"நீர் வாயைக் கொஞ்சம் மூடும்," என்றாள் குணேஸ்வரி. "அவ சொல்லட்டும்."

திருகோணமலை பஸ் நிலையத்துக்கு எதிரே, தேத்தண்ணிக் கடைக்கு மேல் மாடி அறை. வாசலில் 'ஆள் தேடும் நிலையம்' என்று பலகை. குணேஸ்வரி இருபது வருடம் தபால் கந்தோரில் இருந்தவள். விலாசம் சரியில்லாத கடிதத்துக்கு ஆளைக் கண்டுபிடிப்பதுதான் அங்கே அவளுடைய வேலை. சண்டை வந்து பாதி மாவட்டம் இடம்பெயர்ந்த பிறகு விலாசமில்லாதது கடிதம் அல்ல, ஆட்கள் என்று ஆகிவிட்டது. வேலையை விட்டு வந்து இந்தப் பலகையை மாட்டினாள். றஊப் கிண்ணியாக்காரன். ஒரு காலத்தில் அதே ஜெட்டியில் இராசையாவோடு மூட்டை சுமந்து முதுகு போனவன். இப்போது ஓட்டோ ஓட்டுகிறான். ஓட்டோ நின்றாலும் வாய் நிற்காது.

எதிரே கதிரையில் இருந்தவள் பூரணி, இராசையாவின் மனைவி, சல்லிக் கிராமம். அழுது முடித்து, அழுகை தீர்ந்த இடத்தில் கோபம் வந்து குந்திய முகம்.

"ஜெட்டி வாசல்ல நேற்றுக் காலமை காவலுக்கு நிண்ட பெடியன் பக்கத்தில இருந்து கையைக் காட்டினவனாம், நிக்கச் சொல்லி. இவர் நிக்கேல்ல. நேர நடந்தவராம். பிடிச்சுத் தள்ளி விழுத்திப் போட்டாங்கள். அடையாள அட்டையைப் பாத்தால் படத்தில இருக்கிற முகம் வேற, ஆள்ட முகம் வேற. இவருக்கோ வேர்வை ஆறா ஓடுது. பயத்தில வேர்க்குது, கள்ளன்தான் எண்டு முடிவு கட்டிட்டாங்கள். அந்த நேரம் பாத்து அந்த நாசமறுப்பான் வாறான்."

"கனகரத்தினம்."

"ஓம். 'இது உங்கட ஆளா?' எண்டு கேட்டிருக்கினம். அவன் என்ன சொன்னவன் தெரியுமா? உண்மையான இராசையா மூண்டு வருசத்துக்கு முன்னம் வள்ளமேறி இந்தியாவுக்குப் போயிட்டானாம். இவன் ஆரோ அவன்ட அட்டையை வைச்சுக்கொண்டு வந்தவனாம். நான் அவனோட கூடி நடிக்கிறனாம். நான்! பதினெட்டு வருசம் ஒரே பாயில படுத்த நான்!"

"வேற பழைய படம் இல்லையா? கலியாணப் படம்?"

"வீடு எரிஞ்சதில எல்லாம் போயிட்டுது. மிஞ்சினது அந்த அட்டைதான். அதுவும் அவற்ற இருபத்தெட்டு வயசில எடுத்த படம்."

குணேஸ்வரி அவளுடைய கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாலிக்கொடியோடு சேர்த்து ஒரு பொன் மோதிரம் கோத்திருந்தது. மோதிரத்தில் ஒரு பக்கம் அறுத்து வாய் பிளந்து கிடந்தது.

"அது ஆர்ட மோதிரம்?"

"அவற்றதான். விரல் வீங்கிப் போச்சு. சவுக்காரம் போட்டும் கழற ஏலாது. தட்டார்தான் அரிஞ்சு எடுத்தவர்."

"வீக்கம் பிறகு வத்தினதா?"

பூரணி யோசித்தாள். "இல்லை. வத்தவே இல்லை."

"அக்கா, மோதிரத்தை விடுங்க," என்றான் றஊப். "பின்னேர பஸ்ஸில விசாரணைக்குக் கொழும்புக்கு ஏத்தப் போறாங்களாம். அங்க போன ஆளைத் தேட நீங்க இன்னொரு பலகை மாட்ட வேணும்."

"அதுக்குத்தான் இப்ப ஓட்டோவை எடும்."

*

ஜெட்டி வாசல் பொலிஸ் நிலையத்தில் சப் இன்ஸ்பெக்டர் சரீப் மரியாதையான மனிதர். மரியாதையாகவே முடியாது என்றார்.

"அக்கா, நானும் மனுசன்தான். ஆனால் முகம் ஒத்து வரேல்ல. அட்டையில கைரேகையா வைச்சிருக்கு? படம் ஒண்டுதான். ஆளை வேலைக்கு எடுத்தவரே இல்லையெண்டு சொல்றார்."

"சல்லியில அரைவாசிச் சனம் வந்து சாட்சி சொல்லும்."

"சொல்லும். ஊர்ச்சனம் எல்லாம் ஒருத்தனைக் காப்பாத்த ஒரே கதையைத்தான் சொல்லும். அதை மேல எழுதி அனுப்பினால் எனக்குத்தான் கேள்வி வரும். சொந்தக்காரர்ட சொல்லு இந்தக் காலத்தில சாட்சி இல்லை, அக்கா."

குணேஸ்வரியின் மூக்கு விடைத்தது. றஊப் அந்த மூக்கை அறிவான். அது விடைத்தால் யாரோ ஒருவனுக்கு அன்றைக்கு நல்ல நாள் இல்லை. ஆனால் அவள் குரலை உயர்த்தவில்லை. ஆளைப் பார்க்க வேண்டும், ஒரு தேத்தண்ணி கொடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

கம்பிக்குப் பின்னால் வாங்குப் பலகையில் இருந்தவனைக் கண்டதும் றஊப் அப்படியே நின்றுவிட்டான்.

ஏழு வருடத்துக்கு முந்தி ஜெட்டியில் அவனுக்குத் தெரிந்த இராசையா ஒடிசலான ஆள். கூர் மூக்கு. சீமெந்து மூட்டை முதுகில் ஏறியதும் மெல்லிய குரலில் பாட்டெடுப்பான். இங்கே இருந்தவனுக்குத் தாடை முன்னுக்குத் தள்ளி நின்றது. புருவ எலும்பு கூரை இறக்கியது போல் கண்ணுக்கு மேல் தொங்கியது. உதடு தடித்து, பல்லுக்குப் பல் இடைவெளி. மடியில் கிடந்த கைகள் வள்ளத்துத் துடுப்புப் போல. காலில் இரும்பு மூக்கு வைத்த ஜெட்டிச் சப்பாத்து. ஒரு குடும்பமே உள்ளே குடியிருக்கலாம், அவ்வளவு பெரிது.

"டேய் றஊப்," என்றான் அவன். பீப்பாவுக்குள்ளிருந்து வருகிற குரல். நாக்கு வாய்க்குள் இடம் போதாமல் புரண்டது.

றஊப் கேளாதவன் போல், கொண்டுவந்த தேத்தண்ணியைக் குணேஸ்வரியிடம் நீட்டினான்.

குணேஸ்வரி தேத்தண்ணிக் கோப்பையைக் கம்பிக்குள்ளால் நீட்டி, வாங்கில் அவனுக்கு இடப்பக்கம் வைத்தாள். அவன் எடுக்கவில்லை. "தேத்தண்ணி குடியுங்கோ, தம்பி." அவன் சுற்றுமுற்றும் தேடினான். கோப்பையை எடுத்து வலப்பக்கம் வைத்தாள். அதையும் காணவில்லை. நேரே முகத்துக்கு முன்னால் நீட்டியதும், "இஞ்சையா இருந்தது?" என்று வாங்கிக் கொண்டான். அந்த மார்கழிக் குளிர்காற்றிலும் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டிக் கோப்பைக்குள் விழுந்தது.

வெளியே வந்ததும் றஊப் அவளை ஓட்டோவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். பூரணிக்குக் கேட்கக்கூடாது.

"அக்கா, நான் ஒண்டு சொல்லுவன், கோவிக்காதீங்க. இவன் இராசையா இல்லை."

"வடிவாப் பாத்தீரா?"

"நாலு வருசம் ஒரே மூட்டையில ஒரு தொங்கல் அவன், மற்றத் தொங்கல் நான். முகம் மட்டுமா? குரல், கை, ஒண்டும் அவன்ட இல்லை. என்ர பேரை அந்தப் புள்ள சொல்லிக் குடுத்திருக்கும். கனகரத்தினம் நாய்தான். ஆனால் நாயும் ஒரு நாள் உண்மைக்குக் குரைக்கும்."

"அப்ப பூரணி பொய் சொல்றா."

"புருசன் கடலுக்கு அங்கால போயிட்டான். இங்கால ஒரு ஆம்பிளை வேணும், கூலி வேணும். பாவம்தான். குற்றம் சொல்ல மாட்டன்."

குணேஸ்வரி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "காவல்காரன் பக்கத்தில நிண்டு கை காட்ட நிக்காமல் போனவர். பக்கத்தில வைச்ச கோப்பையைக் காணாதவர். ரெண்டும் ஒரே சங்கதி, றஊப். அவர் தப்பி ஓடேல்ல. அவருக்குப் பக்கம் தெரியேல்ல. ஆஸ்பத்திரிக்கு விடும்."

*

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மூன்று சோதனைச் சாவடி. ஒவ்வொன்றிலும் இறங்கி, அட்டையைக் காட்டி, ஏறி. ஒவ்வொரு முறையும் காவல்காரன் அட்டைப் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும்போது, 'என் முகம் என்னுடையதுதானா' என்று றஊப்புக்கே சந்தேகம் வந்தது.

இடையில் குணேஸ்வரி பூரணியிடம் கேட்டாள். "விரல் வீங்கினதுக்கு என்ன வைத்தியம் பாத்தனீங்கள்?"

"கைக்கு எண்ணெய் தந்தவை. முட்டு நோவுக்குக் குளிசை. பல்லு விலகுதெண்டு பல்லு டொக்டரிட்டப் போனது. அவர் ரெண்டைப் பிடுங்கிவிட்டார். தலையிடிக்கு வேற ஒருத்தர், கண்ணாடி போடச் சொன்னவர். ஒண்டும் சரிவரேல்ல. பிறகு முத்துமாரி அம்மனுக்கு நேர்ந்தன். ஒரு வருசம் வெள்ளிக் கை செய்து போட்டன். அடுத்த வருசம் வெள்ளிக் கால். பிறகு நாக்கு. பிறகு கண். தட்டார் கேக்கிறார், 'என்ன பிள்ளை, புருசனைத் துண்டு துண்டா அம்மனுக்கு வித்துக் கொண்டிருக்கிறியா' எண்டு."

நோகிற உறுப்பை வெள்ளித் தகட்டில் அடித்து உண்டியலில் போடுவது அந்தப் பக்கத்துக் கோயில்களில் எல்லோரும் செய்கிற நேர்த்திதான். ஒரே ஆளுக்கு இத்தனை உறுப்புப் போட்டவளை றஊப் இப்போதுதான் பார்க்கிறான்.

"தலை போடேல்லையா?" என்று கேட்டாள் குணேஸ்வரி.

"தலைக்கு வெள்ளி கூடப் போகும். கனகரத்தினத்தின்ட காசு வந்ததும் செய்து தாறனெண்டு அம்மனிட்டக் கடன் சொல்லியிருக்கிறன்."

"கையிலயும் காலிலயும் எல்லாரும் தேடியிருக்கினம்," என்று குணேஸ்வரி முணுமுணுத்தாள். "அம்மனும் சேர்த்து."

டொக்டர் அசனா சின்ன வயதுக்காரி. கொழும்பில் ஓமோன் வருத்தங்களுக்கான பிரிவில் படித்துவிட்டு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. குணேஸ்வரி நோயாளி இல்லாமல் நோயை மட்டும் சொன்னாள்: அறுத்த மோதிரம், விலகிய பல், தடித்த நாக்கு, வேர்வை, பக்கம் தெரியாத கண். சொல்லச் சொல்ல டொக்டரின் பேனை மேசையில் தட்டுவது நின்றது.

எழுந்து அலுமாரியைத் திறந்து நான்கு படங்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள்.

"இது ஆர் ஆர் எண்டு சொல்லுங்க பாப்பம்," என்றாள் றஊப்பைப் பார்த்து.

"இதென்ன பரீட்சையா? இவர் மாப்பிள்ளைப் பெடியன். இது அவர்ட மூத்த காக்கா. இது வாப்பா. இந்தக் கடைசி ஆள்..." றஊப் தலையைச் சொறிந்தான். "இவர் அந்தக் குடும்பமே இல்லை. வாடகைக்கு இருக்கிறவர்."

"நாலும் ஒரே ஆள்," என்றாள் டொக்டர் அசனா. "பதினொரு வருசத்தில எடுத்த படம்."

றஊப் நான்கு படங்களையும் கிட்ட இழுத்து ஒவ்வொன்றாய் மறுபடி பார்த்தான்.

"மூளைக்கு அடியில கடலை அளவு ஒரு சுரப்பி இருக்கு. அதில கட்டி வந்தால் வளர்ச்சி ஓமோன் நிக்காமல் சுரக்கும். சின்னப் பிள்ளையெண்டால் ஆள் நெடுப்பமாப் போகும். வளர்ந்த ஆளுக்கு எலும்பு நீள ஏலாது. அதனால தடிக்கும். கை, கால், தாடை, மூக்கு, நாக்கு. குரலும் மாறும். மெல்ல மெல்ல. ஒரே வீட்டில இருக்கிறவைக்கே தெரியாது. கட்டி மேல் நோக்கி வளர்ந்தால் கண் நரம்பை அமத்தும். முதல்ல போறது பக்கப் பார்வை."

"புற்றா டொக்டர்?" என்று கேட்டாள் பூரணி.

"இல்லம்மா. ஆனால் விட்டால் கண்ணும் போகும், இதயமும் பழுதாகும். ஆளைக் கொண்டு வாங்க. ரத்தம் எடுத்துப் பாத்து, பிறகு சீனித் தண்ணி குடிக்கக் குடுப்பம். நல்ல ஆளுக்குச் சீனி போனதும் அந்த ஓமோன் அடங்கும். இந்த வருத்தக்காரருக்கு அடங்காது. கொழும்பில மூக்கு வழியாலயே கட்டியை எடுக்கினம், மண்டையைப் பிளக்கத் தேவையில்லை. மிச்சம் இருந்தால் இப்ப ஊசியும் வந்திருக்கு. விலைதான் கழுத்தை அறுக்கும்." அவள் படங்களை வெடுக்கென்று அடுக்கினாள். "கைக்கு ஒருத்தர், பல்லுக்கு ஒருத்தர், கண்ணுக்கு ஒருத்தர். முழு மனுசனைப் பாக்க ஒருத்தரும் இல்லை! இதைத்தான் எங்கட பிரிவில ஆராயினம். வருத்தம் தொடங்கின நாளில இருந்து அதுக்குப் பேர் தெரியிற வரைக்கும் எத்தினை வருசம் வீணாப் போகுது, முகத்தை வைச்சு முந்தியே பிடிக்க ஏலுமா எண்டு. அதுக்குப் பழைய படம் அனுப்புங்க, பழைய படம் அனுப்புங்க எண்டு எனக்குக் கடிதம் வருது. நான் எங்க போவன்? வீடு எரிஞ்ச சனத்திட்ட ஆல்பம் இருக்குமா?"

கடிதம் ஒன்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தாள். "ஆனால் இது காணாது. இப்பிடி ஒரு வருத்தம் இருக்கெண்டுதான் நான் எழுதலாம். உள்ளுக்கு இருக்கிறவர் முந்தி அந்தப் படத்தில இருந்தவர்தான் எண்டு நான் எப்பிடி எழுதுறது? வேற ஒருத்தனுக்கும் இந்த வருத்தம் வந்திருக்கலாமே எண்டு பொலிஸ் கேட்டால்?"

வெளியே வந்து ஓட்டோவில் ஏறியதும் றஊப் சாவியைத் திருகவில்லை. மூட்டை வழுக்கி மற்றவன் காலில் விழுந்த பிறகு நிற்கிற நிலை அது.

"அவன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவன், அக்கா. நான் செவிடன் மாதிரி நிண்டன்."

"கோபத்தை வீணாக்காதேயும். பின்னேரம் தேவைப்படும்," என்றாள் குணேஸ்வரி. "வரிசையா வைக்கிறதுக்குப் படம் இல்லை. படம் மாதிரி வேற என்ன வருசா வருசம் மாறும்? றஊப், ஜெட்டியில சப்பாத்து இல்லாமல் உள்ளுக்கு விடுவாங்களா?"

"விட மாட்டாங்க. இரும்பு மூக்குச் சப்பாத்து கட்டாயம். கொந்தராத்துக்காரன்தான் வாங்கித் தருவான். பிறகு கூலியில வெட்டுவான். ஒரு சோடி மூண்டு வருசம் உழைக்கும். நான் ஒரே சோடியில போய் ஒரே சோடியில வந்தனான்."

குணேஸ்வரி பூரணியின் பக்கம் திரும்பினாள். அவளுடைய காதில் ஏதோ சொன்னாள். பூரணியின் முகம் முதலில் சுருங்கியது, பிறகு இறுகியது. தலையை ஆட்டினாள்.

"எனக்குச் சொல்ல மாட்டீங்களா?" என்றான் றஊப்.

"உம்மட முகத்தில எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும். தெரியாமலே வாரும்."

*

அன்று பின்னேரம். சனிக்கிழமை, கூலி நாள். கனகரத்தினம் வெள்ளைச் சேட்டும் கக்கத்தில் காசுப் பையுமாக, குணேஸ்வரி சொல்லியனுப்பியபடி பொலிஸ் நிலையத்துக்கு வந்து சேர்ந்தான். முற்றத்தில் கொழும்பு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. சரீப்பின் மேசையில் கடதாசி எல்லாம் ஆயத்தம். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. இராசையாவைக் கம்பிக்கு வெளியே கொண்டுவந்து வாங்கில் இருத்தியிருந்தார்கள்.

குணேஸ்வரி சிரித்தாள். சீனி போட்ட சிரிப்பு.

"முதலாளி, கோவிக்கக் கூடாது. உங்களை அலைய வைச்சிட்டம். இந்தப் பிள்ளை எல்லாத்தையும் ஒப்புக்கொண்டிட்டுது. இவர் அவட புருசன் இல்லையாம்."

றஊப் துள்ளி எழுந்தான். "அக்கா! என்ன கதை இது—"

"இரும்." அவனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பூரணி தலை குனிந்திருந்தாள். இராசையா அந்தப் பெரிய தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் றஊப் சுவரைப் பார்த்தான்.

கனகரத்தினம் கதிரையை இழுத்துப் போட்டு வசதியாக இருந்தான். "நான் அப்பவே சொன்னனான். என்ர கண் பிழைக்காது."

"அவவுக்கு ஒரு கவலைதான். புருசன் இல்லாத இடத்தில அவற்ற பேரில வர இருக்கிற காசுக் கணக்கு முடியாமல் கிடக்கக் கூடாதாம். உண்மையான இராசையாவுக்கு நீங்கள் இருபத்தோராயிரத்துச் சொச்சம் குடுக்க இருக்காமே?"

"எங்க இருபத்தொண்டு?" கனகரத்தினம் கையை விரித்தான். "சப்பாத்துக் காசு வெட்ட வேண்டாமா? நாலு சோடி! அதை வெட்டினால் என்னத்தை மிஞ்சும்?"

குணேஸ்வரியின் சிரிப்பு மறைந்தது. அவள் சரீப்பின் பக்கம் திரும்பினாள். "சேர், இதைக் கொஞ்சம் கேளுங்கோ. இவரிட்ட வேலைக்கு வந்த ஆறு வருசத்தில ஒரு ஆளுக்கு நாலு சோடி. இவர் றஊப் அதே ஜெட்டியில நாலு வருசம் ஒரு சோடியில உழைச்சவர். இது கூலிக்காரர்ட தலையில பொய்க் கணக்குக் கட்டுற வேலை. நான் திங்கட்கிழமை தொழில் கந்தோருக்கு எழுதிப் போடுறன். கொந்தராத்து இருக்குமோ போகுமோ அவை பாக்கட்டும்."

கனகரத்தினத்துக்கு முகம் சிவந்தது. கொந்தராத்து என்ற சொல் அவனுக்குச் சுட்டது.

"ஆர் பொய்க் கணக்கு? வாயைக் கழுவிப் போட்டுக் கதையுங்கோ! நான் குடுக்காத சாமானுக்கு வெட்ட மாட்டன். என்னட்ட வரேக்க எட்டாம் நம்பர். பிறகு ஒன்பது. பிறகு பத்தரை. கடைசியா போன பொங்கலுக்குப் பன்னிரண்டு. அது கடையில இல்லாமல் கொழும்புக்குச் சொல்லி இரட்டிப்பு விலையில எடுப்பிச்சனான்!"

"சும்மா விடுங்கோ முதலாளி. ஒருத்தன் எட்டும் போடுவானா, பன்னிரண்டும் போடுவானா? நாலு பேருக்கு வாங்கினதை ஒருத்தன்ட தலையில கட்டிப்போட்டு..."

"ஒரே ஆளுக்குத்தான்!" கனகரத்தினம் மேசையில் அடித்தான். "ஜெட்டி முழுக்கக் கேட்டுப் பாருங்கோ. அவன்ட கால் வருசா வருசம் வளருது! மனுசக் காலா அது? நானே நிண்டு பெருவிரல் அமத்திப் பாத்து வாங்கிக் குடுத்தனான். ஒவ்வொரு சோடிக்கும் கூலியில வெட்டினதும் உண்மை, குடுத்ததும் உண்மை. என்னைக் கள்ளன் எண்டு சொல்ல ஒருத்தருக்கும் ஏலாது!"

சொல்லி முடித்து மூச்சு வாங்கினான்.

வெளியே பஸ் மட்டும் உறுமியது.

றஊப்புக்கு மெல்ல விளங்கியது. கால் விரலிலிருந்து ஏறி வந்து தலைக்குப் போனது போல் விளங்கியது. சின்னக் களவு இல்லை என்று காட்டப் போய் மனுசன் பெரிய களவைத் தன் கையாலேயே அவிழ்த்துப் போட்டுவிட்டான்.

"போன பொங்கலுக்கு," என்றார் சரீப் மெதுவாக. "பன்னிரண்டாம் நம்பர். இராசையாவுக்கு."

"ஓம் சே..." கனகரத்தினத்தின் வாய் பாதியில் நின்றது.

"மூண்டு வருசத்துக்கு முன்னம் இந்தியாவுக்குப் போன இராசையாவுக்கு."

"இல்லை, அது வந்து..."

"ஒரே ஆள். ஒரே கால். எட்டில இருந்து பன்னிரண்டு. நீயே நிண்டு விரல் அமத்திப் பாத்தாய்."

குணேஸ்வரி டொக்டர் அசனாவின் கடிதத்தை மேசையில் வைத்தாள். "கால் ஏன் வளர்ந்தது, முகம் ஏன் மாறினது எண்டு இதில இருக்கு, சேர். எங்கட ஆக்கள் சொன்னால் பொய் எண்டீங்கள். அதுதான் எதிராளியின்ட வாயாலயே எடுத்துத் தந்தனான்."

சரீப் கடிதத்தை வாசித்தார். எழுந்து போய் இராசையாவுக்கு முன்னால் குந்தினார். சப்பாத்தின் அடியைப் புரட்டி நம்பரைப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவருடைய மரியாதை எல்லாம் போய்விட்டிருந்தது.

"பொலிஸை வைச்சுக் கடன் அடைக்கப் பாத்தியாடா? என்ர கையெழுத்தில ஒரு மனுசனை இல்லாமல் ஆக்கப் பாத்தியா? அந்த பஸ்ஸில ஒரு இடம் பிடிச்சு வைச்சிருக்கு. வெறுமையாப் போகக் கூடாது. ஏறுறியா?"

"சேர், சேர்... காசு இஞ்ச இருக்கு. இப்பவே..." காசுப் பை திறந்தது. இப்போது அவனுக்கும் வேர்த்தது. "சப்பாத்துக் காசை மட்டும் கழிச்சு..."

"கூலியில வெட்டியாச்சு எண்டு இப்பத்தானே கத்தினீங்கள்," என்றாள் குணேஸ்வரி. "எத்தினை தரம் வெட்டுவீங்கள்? முழுசா வையுங்கோ."

முழுசாக வைத்தான். ஐம்பது ரூபாயும் தவறாமல். சரீப் கடதாசிகளை நடுவே கிழித்தார். கனகரத்தினத்தை எழும்ப விடவில்லை. பொய் முறைப்பாட்டுக்கு வேறு கடதாசி எடுக்கச் சொன்னார்.

"மன்னியுங்கோ," என்றார் இராசையாவிடம். இராசையா எழும்பி வாசலுக்குத் திரும்பினான். மன்னிக்க வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை.

முற்றத்தில் பூரணி அவனுடைய கையைப் பிடித்து, பக்கம் தெரியாதவனை ஓட்டோவுக்கு நடத்திக் கொண்டுவந்தாள். "நான் உங்களை இல்லையெண்டு சொல்லேல்ல. இவ சொல்லேக்க தலையைக் குனிஞ்சு கொண்டிருந்தனான், அவ்வளவுதான்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

றஊப் முன்னால் போய் நின்றான். நேர் முன்னால், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்.

"மச்சான், நானும் உன்னை அடையாளம் காணேல்ல."

"கண்ணாடிக்கு முன்னால நிண்டு நானே எத்தினை தரம் ஆரிவன் எண்டு யோசிச்சனான்," என்றான் அந்தப் பீப்பாக் குரல். "நீ ஏழு வருசத்துக்குப் பிறகு வாறாய். உனக்கு எப்பிடித் தெரியும்?" பிறகு, "அந்தச் சீனி மூட்டையை என்ர காலில போட்டது நீதானே? எட்டாம் நம்பர் காலில."

"அப்பத் தொடங்கின வீக்கமோ எண்டுதான் நானும் பயந்து போய் நிக்கிறன்," என்றான் றஊப். இராசையா சிரித்தான். விலகிய பல் எல்லாம் தெரியச் சிரித்தான்.

ஆஸ்பத்திரி வீதியில் தட்டார் கடை வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளிக் கைகளும் வெள்ளிக் கால்களும் தொங்கின. றஊப் வேகத்தைக் குறைத்தான்.

"பூரணி, அம்மனுக்குத் தலை ஒண்டு பாக்கி எண்டீங்க. செய்யச் சொல்லிப்போட்டுப் போவமா? காசுதான் வந்திட்டுதே."

பூரணி காசுக் கட்டை மடியில் இரண்டு கையாலும் அமத்திப் பிடித்திருந்தாள்.

"நிப்பாட்ட வேண்டாம். நேர டொக்டரிட்ட விடுங்கோ. இந்தக் காசு கொழும்புக்கு."

"அம்மன் கோவிக்காதா?"

"கை குடுத்தன், வாங்கி வைச்சா. கால் குடுத்தன், வாங்கி வைச்சா. நாக்கு, கண் எல்லாம் வாங்கிப் போட்டு வாயே திறக்கேல்ல." அவள் தட்டார் கடையைத் திரும்பியும் பார்க்கவில்லை. "இந்தத் தலை என்ர மனுசன்ட. அதை ஒருத்தருக்கும் குடுக்கிறதா இல்லை. அந்தக் கடனை நான் வெட்டிப்போட்டன்."